"வெள்ளம் உண்டோ?" - பழவங்காடியில் வீடு பார்த்த கதை

"அம்மா, மழைக்காலத்துல இங்க வெள்ளம் வருமா?"

பழவங்காடியில் ஒரு சந்துக்குள் வீடு பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் நான் கேட்ட கேள்வி இது. மலையாளம் எனக்கு அரைகுறை. தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும் என்று நம்பும் கோஷ்டி நான். அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "வெள்ளமோ? அது எப்பழும் உண்டு மோனே. பைப்பு வெள்ளமும் உண்டு, கிணறும் உண்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற தரகருக்கோ வாயெல்லாம் பல். "கேட்டல்லோ சாரே! வெள்ளத்துக்கு ஒரு குறவும் இல்லா!"

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மக்ளே, வெள்ளம்னா தண்ணி. நம்ம நாஞ்சில் நாட்டுலயும் அப்படித்தானே சொல்லுவோம். நீ திருச்சியில வளந்த பய, உனக்கெங்க தெரியும்? வெள்ளம் கேறுமோன்னு கேக்கணும்." கேறுவது என்றால் ஏறுவது.

மறுநாள் திரும்பப் போய் அதே அம்மாவிடம் ஒழுங்காகக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தன் வீட்டுச் சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோட்டைக் கையால் தடவிக் காட்டினார். பெயிண்ட் அடித்தும் மறையாத பழுப்புக் கோடு.

ஒரே ஒரு வினைச்சொல் மாறியதில் ஒரு வீட்டின் விலையே எனக்கு மாறிப் போனது. மெல்போர்னுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. ஊரில் வீடு வாங்கும் ஆசையோடு இருக்கும் நம்மவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி கலந்துகொண்டு உட்காருங்கள்.

ஏன் பழவங்காடி?

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்மா போன பிறகு மூன்று வருஷம் எங்களோடு மெல்போர்னில் இருந்தார். குளிர், தனிமை, டிவி ரிமோட். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்: "பழவங்காடியில ஒரு வீடு பாரு. பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்க சத்தம் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தாத்தா திருவிதாங்கூர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நாகர்கோவிலிலிருந்து வந்து பழவங்காடியில் வாடகைக்கு இருந்தார். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, தாத்தாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டார். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவருடைய பால்யம் முழுக்க அந்தத் தெருவில்தான்.

தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டை வாசலுக்கு வெளியே, தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது பழவங்காடி. பெயரைக் கேட்டாலே 'பழைய அங்காடி' என்றுதானே காதில் விழுகிறது? நாளங்காடி, அல்லங்காடி என்று சங்க நூல்களில் படித்த அதே அங்காடி. நமக்கு அது கடை, மார்க்கெட் ஆகிவிட்டது. அங்கே இன்னும் அங்காடி.

பிள்ளையாரும் நம் பக்கத்திலிருந்து போனவர்தான். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் வணங்கிய கணபதி என்பது மரபு. 1795 வாக்கில், தர்மராஜா என்கிற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது பட்டாளத்தோடு சாமியும் இடம்பெயர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பட்டாளம் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தது. கோயில் நிர்வாகம் இன்றும் ராணுவத்திடம்தான். வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனவர் என்கிற வகையில் இந்தப் பிள்ளையார் நம்ம ஆள்!

கிழக்கே ஒட்டினாற்போல் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியது. அவரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கரமனை, கிள்ளி ஆறுகளைக் கடந்து தெற்கிலிருந்து சரக்கு வர, சரக்கோடு தமிழ் வியாபாரிகளும் வந்தார்கள். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் அக்கிரகாரங்கள். சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களை எழுதியவர் ஆ. மாதவன். 2015இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். 2021இல் காலமானார். ஆக, அந்த ஊரில் தமிழனுக்கு இருநூறு வருஷத்துக்கு மேலாகவே அட்ரஸ் உண்டு. இத்தனை தமிழ் கேட்கிற ஊரில் வீடு வாங்குவது சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். சிக்கலே அங்கேதான். பாஷை புரிகிற மாதிரியே இருக்கும், புரியாது.

தவளை கத்தும் இடம்

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றி ஒரு நிரந்தரக் கிண்டல் உண்டு. 1950களின் தொடக்கத்தில் தம்பானூரில் அவருக்கு ஒரு மனை மலிவாக வந்ததாம். "தவளை கத்துற இடத்துல மனுஷன் படுக்கக் கூடாது" என்று வேண்டாமென்றுவிட்டார். "அன்னைக்கு வாங்கியிருந்தா இன்னைக்கு நாம கோடீஸ்வரன்" என்று கல்யாண வீடுகளில் சித்தப்பாக்கள் ஐம்பது வருஷமாகப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த முறை போனபோதுதான் தாத்தா என்ன பார்த்தார் என்று புரிந்தது.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். கவடியார், வானிலை ஆய்வகம் இருக்கும் அப்சர்வேட்டரி ஹில் எல்லாம் மேடு. தம்பானூர், பழவங்காடி, கிழக்குக் கோட்டை எல்லாம் பள்ளம். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அதைக் கொண்டுபோக ஒரு ஓடை உண்டு: ஆமையிழஞ்சான் தோடு. தோடு என்றதும் தங்கமணி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மலையாளத்தில் தோடு என்றால் ஓடை, கால்வாய். ஆமை ஊர்ந்து போன ஓடை! பெயர் வைத்தவர் தண்ணீரையும் கண்டார், அதன் வேகத்தையும் கண்டார்.

இந்தத் தோடு தம்பானூர், பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாற்றூர், கண்ணம்மூலை வழியாகப் போய் ஆக்குளம் ஏரியில் சேர்கிறது. 1931இல் ரயில் பாதை தம்பானூர் வரை நீண்டது. ஸ்டேஷன் வந்ததும் மனை விலை ஏறியது, ஓட்டல்கள் வந்தன, பஸ் நிலையம் வந்தது. தோடு மட்டும் எங்கும் போகவில்லை. தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஒரு பாதையில் இன்றும் ஓடுகிறது.

பழவங்காடிக்குத் தெற்கே இருக்கும் மைதானத்தின் பெயர் புத்தரிக்கண்டம். புத்தரி என்றால் புது அரிசி, கண்டம் என்றால் வயல். பத்மநாப சுவாமி கோயிலின் நிறைபுத்தரிக்குப் புதுக்கதிர் விளைந்த வயல் அது. இன்னும் கொஞ்சம் நடந்தால் அட்டக்குளங்கரை. பெயரிலேயே குளமும் இருக்கிறது, கரையும் இருக்கிறது. வயல், குளம், தோடு என்று மூன்று பெயர்களும் ஊரைச் சுற்றி நின்றுகொண்டு "இது தண்ணீர் இருந்த இடம்" என்று கத்துகின்றன. நாம்தான் பஸ் போர்டில் படித்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறோம்.

நடந்ததையும் சொல்ல வேண்டும். 2015இல் தம்பானூர் வெள்ளக்கெட்டைத் தீர்க்க 'ஆபரேஷன் அனந்தா' என்று அரசு ஒரு பெரிய வேலையில் இறங்கி, கால்வாய்களின் மேல் கட்டப்பட்டிருந்தவற்றை இடித்தது. வெள்ளக்கெட்டு என்றால் தண்ணீர் தேங்கிக் கட்டிக்கொள்வது. 2023 அக்டோபர் நடுவில் பெய்த ஒரே ராத்திரி மழையில் நகரத்தின் பல பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கணினி நிறுவனங்கள் இருக்கும் டெக்னோபார்க் பக்கமும் தப்பவில்லை. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் அந்தத் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு ஒப்பந்தத் தொழிலாளி மழைத் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு தகரப்பறம்புப் பக்கம் உடல்தான் கிடைத்தது. நான் பார்க்கப் போன வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நம் வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீரை வடிய வைக்க, முகம் தெரியாத யாரோ ஒருவர் அதில் இறங்க வேண்டியிருக்கிறது. சதுர அடி விலை பேசும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அந்தச் சந்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். வீட்டைப் பார்க்காதீர்கள், முதலில் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடுகளின் வாசற்படி பழைய வீடுகளைவிட நாலு படி உயரமாக இருந்தால், கட்டியவர்களுக்கு ஏதோ தெரியும் என்று அர்த்தம். பழைய வீட்டின் தரை, ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா? மின் மீட்டரும் தண்ணீர் மோட்டாரும் எந்த உயரத்தில் இருக்கின்றன? மர அலமாரிகளின் கால் கருத்திருக்கிறதா? விற்பவர் புது பெயிண்ட் அடித்திருப்பார். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அவர் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்.

"நிலம் என்றால் நிலம்தானே?"

பழவங்காடி வீடு இப்படி ஆனதும், தரகர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "சாரே, சிட்டி வேண்டா. நேமம் பக்கம் ஒரு பிளாட் உண்டு. பத்து சென்ட். நல்ல காற்று. கணபதியைக் காண பஸ்ஸில் கயறினால் மதி."

நேமம், கரமனையைத் தாண்டி நாகர்கோவில் ரோட்டில். போய்ப் பார்த்தோம். தங்கமணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மண் போட்டுச் சமப்படுத்திய மனை, சுற்றி தென்னை, நாலு புது வீடுகள், எதிரே ஒரு பள்ளிக்கூடம். நம் ஊர்க் கணக்குச் சொன்னால் ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்னைக்காரர்களின் கிரவுண்டு ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஆக இது ஒன்றே முக்கால் கிரவுண்டுக்கு மேல். விலையும் மலிவு. ஏன் மலிவு என்று நான்தான் கேட்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் பணம் கூட வைத்திருந்தேன்.

காகிதங்களை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அந்த ஊரில் மலையாளம் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக மாற்றி மாற்றிப் படித்துவிட்டு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "நிலம்னு போட்டுருக்கு மக்ளே."

"ஆமா, நிலம்தானேப்பா வாங்குறோம்?"

"நம்ம நிலம் இல்ல. அவங்க நிலம்."

தமிழில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல் வயல், நஞ்சை. வீடும் தோப்பும் இருக்கும் மனைக்கு அவர்கள் சொல்வது புரையிடம். கிராம அலுவலகத்தில் இருக்கும் அடிப்படை வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே இந்த இரண்டில் ஒன்றை எழுதியிருப்பார்கள். எங்களுக்குக் காட்டிய மனை, மண் போட்டு மேடாக்கப்பட்டிருந்தாலும், கணக்குப்படி இன்னும் வயல்.

அதனால் என்ன என்றால், 2008இல் கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயல்கள் மட்டமட்டமாக மறைந்து, நெல் பரப்பு சுருங்கி, மழைத் தண்ணீர் நிற்க இடமில்லாமல் போன பிறகு வந்த சட்டம். அதன்படி பொதுவாக வயலை நிரப்பி வீடு கட்ட முடியாது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் எது வயல், எது நீர்நிலம் என்று 'டேட்டா பேங்க்' என்ற பட்டியல் வைத்திருக்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன்பே நிரப்பப்பட்டு, பட்டியலிலும் வராத இடமென்றால், வருவாய்த் துறையில் விண்ணப்பித்து வகை மாற்றிக்கொள்ள 2018 திருத்தம் வழி செய்தது. விஸ்தீரணத்தைப் பொறுத்துக் கட்டணமும் உண்டு. பட்டியலில் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்க வேண்டும். அது பெரிய பாடு.

நம்மைப் போல வெளியே இருப்பவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1999ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளின்படி, என்ஆர்ஐக்களும் ஓசிஐ கார்டு வைத்திருப்பவர்களும் இந்தியாவில் வீடோ வீட்டு மனையோ வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. என் கையில் இருப்பது ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டும் ஓசிஐ கார்டும். அந்த ஒற்றைச் சொல் எங்களுக்கு வீடு கட்டும் உரிமையை மட்டுமல்ல, வாங்கும் உரிமையையே கேள்வியாக்கியது. தரகரிடம் கேட்டால், "எல்லாரும் கட்டியிட்டுண்டல்லோ சாரே" என்றார். உண்மைதான். நாலு வீடு கட்டியிருந்தது. அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பது அவர்கள் கதை.

பத்திரத்துக்குள் இருக்கும் சரித்திரம்

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒவ்வொரு வீட்டுப் பத்திரத்தையும் அவர்தான் படித்தார். எனக்குப் பாடம் நடந்தது.

பத்திரத்தை அங்கே ஆதாரம் என்கிறார்கள். அதற்கு முந்தைய பத்திரம் முன்னாதாரம். வரி என்பது கரம். 'கரம் தீர்த்த ரசீது' என்றால் கையை வெட்டிய ரசீது என்று பயப்பட வேண்டாம், வரி கட்டிய ரசீது. பட்டா மாற்றத்துக்குப் பெயர் போக்குவரவு. இதை நான் டிராபிக் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்திரம் பதிந்தால் மட்டும் போதாது, போக்குவரவு செய்து உங்கள் பெயருக்குத் தண்டப்பேர் எண் விழுந்தால்தான் கிராம அலுவலகக் கணக்கில் நீங்கள் இருப்பீர்கள்.

பழைய முன்னாதாரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதோடு 825ஐக் கூட்டினால் நம் ஆங்கில வருஷம் வந்துவிடும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு என்பதால் டிசம்பர் வரைக்கும் 824. ஒரு பெரியவர் எங்களிடம் "தொண்ணூற்றி ஒன்பதிலெ வெள்ளப்பொக்கம்" என்று ஆரம்பித்தார். 1999இல் அப்படி ஒன்றும் நடந்ததாக ஞாபகமில்லையே என்று விழித்தேன். அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறு, பெரியாறு பக்கமெல்லாம் அடித்துப் போட்ட மகா வெள்ளம். நூறு வருஷம் ஆகியும் ஊர் அதை ஆண்டு சொல்லியே நினைவு வைத்திருக்கிறது.

இந்த ஊரில் ஒரு சாமானியன் தன் மனையைத் தன்னுடையது என்று சொல்ல முடிந்ததே ஒரு தனிக் கதை. 1750இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கார் நிலத்தில் இருந்தவர்கள் பாட்டக்காரர்கள்தான். விற்கவும் அடகு வைக்கவும் முழு உரிமை கிடையாது. 1865 ஜூன் 2ஆம் தேதி, ஆயில்யம் திருநாள் காலத்தில் பண்டாரவகப் பாட்ட விளம்பரம் வெளியானது. சர்க்கார் நிலத்தில் இருந்த குடியானவர்களுக்கு நிலம் சொந்தமானது. விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம், அரசு பொதுக் காரியத்துக்கு எடுத்தால் நஷ்ட ஈடு உண்டு. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்துக்காரரான மாதவ ராவ். கோயிலுக்கே சொந்தமான ஸ்ரீபண்டாரவக நிலங்களுக்கு இந்த மாற்றம் 1971இல் தனிச் சட்டமாக வந்தது. கோட்டையைச் சுற்றி வாங்குகிறவர்கள் முன்னாதாரத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் வக்கீலிடம் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று தறவாடு. மருமக்கள் தாய முறையில் வீடு ஒருவருடையதல்ல, தாய்வழிக் குடும்பம் முழுக்கச் சொந்தம். 1925ஆம் வருஷத்து நாயர் சட்டம் திருவிதாங்கூரில் அதைப் பங்கு போட வழி செய்தது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையே 1976 டிசம்பர் 1இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய விற்பனை என்றால், எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் ஒரு பேத்தி முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படி நிற்கப் போகிறவர்கள்தானே!

கோட்டைக்குள் ஒரு அக்கிரகார வீடும் பார்த்தோம். நீளமான வீடு, நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். அப்பா முற்றத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றார். ஆனால் பொதுச் சுவரை இடிக்கவோ உயர்த்தவோ பக்கத்து வீட்டுச் சம்மதம் வேண்டும். பாரம்பரியப் பகுதி என்பதால் கட்டட அனுமதிக்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். 2011இல் கோயில் நிலவறைகள் திறந்ததிலிருந்து போலீஸ் காவலும் அதிகம். ஆற்றுகால் பொங்காலை அன்று கிழக்குக் கோட்டை, பழவங்காடி எல்லாம் அடுப்பாக மாறிவிடும், வண்டி நகராது. அது பரவாயில்லை. அந்த வீட்டுக்கு ஐந்து வாரிசு, மூன்று நாடு. விலை பேசவே ஆளில்லை.

அப்பா எடுத்த முடிவு

லீவு முடிய நாலு நாள். கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு மூன்று வார லீவில் வீடு வாங்கிப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாம் எப்போதும் டிசம்பரில் போகிறோம். வானம் நீலமாக இருக்கும். ஆமையிழஞ்சான் தோடு ஆமை மாதிரியே இருக்கும். இடவப்பாதியில் ஜூனிலும், துலாவர்ஷத்தில் அக்டோபரிலும் அது என்ன செய்யும் என்று நமக்கு யார் சொல்வது?

எனக்கு எரிச்சல். ஏதாவது ஒன்றை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம். தெளிவாகவே சொல்கிறேன், அவசரம் அப்பாவுக்காக இல்லை, என் மனநிம்மதிக்காக. வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு டிக் போட்டுக்கொள்ளத்தான்.

அப்பா சொன்னார்: "வாங்க வேண்டாம் மக்ளே. வாடகைக்கு எடு. பதினோரு மாசம். ரெண்டு மழையும் நான் இருந்து பாக்கேன். உன் தாத்தா பதினேழு வருஷம் இங்க வாடகைக்குத்தான் இருந்தாரு. ஊரைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தம்பானூர் மனைய வேண்டாம்னாரு. கஞ்சத்தனம்னு நினைச்சோம்."

அப்படித்தான் செய்தோம். பழவங்காடியில் கொஞ்சம் மேடான ஒரு தெருவில், மூன்று படி ஏறிப் போகும் சின்ன வீடு. சமையலுக்கு ஒரு அம்மா. நாகர்கோவிலிலிருந்து அத்தை மகன் வாரம் ஒரு முறை வந்து பார்க்கிறான். வாங்கினால் முத்திரைத்தாளுக்கு எட்டு சதவீதமும் பதிவுக்கு இரண்டு சதவீதமும் போயிருக்கும். அந்தப் பணத்தில் அப்பா பல வருஷம் வாடகை கொடுக்கலாம் என்று தங்கமணி கணக்குப் போட்டுக் காட்டினாள்.

ஜூனில் மழை பிடித்தது. இங்கே எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. போனை எடுத்து அந்த ஊர் வானிலையைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு நாள் காலையில் அப்பாவே கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம்.

"ராத்திரி நல்ல மழை மக்ளே. வெள்ளம் கேறுச்சு."

"ஐயோ, எவ்வளவுப்பா?"

"ரெண்டாவது படி. மூணாவதுக்கு வரல. நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். துலா மழைக்கும் பாப்போம். நீ ஒண்ணும் அலட்டிக்காத."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நில்லு, வைக்காத" என்றார். போனை ஜன்னலுக்கு நீட்டினார் போலிருக்கிறது. மழைக்கு நடுவே, தூரத்தில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம்.